ஓடாத சர்க்யூட்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள்

பொறியியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஒரு பொறியியல் கல்லூரியில் 13 ஆண்டுகளாக டிஜிட்டல் லாஜிக் பாடமும் அதன் ஆய்வகமும் எடுத்து வருகிறேன். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்கு நீங்கள் உட்காரப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் ஒரு விஷயத்தை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கல்லூரிக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. "நல்ல யோசனைதான், ஆனால் பாடத்திட்டத்தில் இல்லையே" என்பதுதான் எப்போதும் பதில். அதனால் பாடத்திட்டத்தை எழுதுகிற உங்களிடமே கேட்கிறேன்.

சர்க்யூட் ஓடாதபோது மாணவர் உட்கார்ந்து அது ஏன் ஓடவில்லை என்று தேடுகிறாரே, அந்தத் தேடலுக்கு மதிப்பெண் வேண்டும். அதற்கென்று நேரமும் வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. செமஸ்டரின் மூன்றாவது வாரம், ஹாஃப் ஆடர் சோதனை. இரண்டு பிட்டுகளைக் (0 அல்லது 1) கூட்டி, கூட்டலை ஒரு எல்இடியிலும் கேரியை, அதாவது அடுத்த இலக்கத்துக்குப் போவதை, இன்னொன்றிலும் காட்ட வேண்டும். 7486, 7408 என்ற எண்ணுள்ள இரண்டு ஐசி (சிறு சிப்), பத்துப் பன்னிரண்டு ஒயர், அரை மணி நேர வேலை. மற்ற பெஞ்சுகளில் எல்லாம் முடித்துவிட்டு, கையெழுத்து வாங்க அப்சர்வேஷன் நோட்டோடு வரிசை கட்டிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் எழுந்து வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வீட்டில் விவசாயம். அதுவரை வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

போய்ப் பார்த்தேன். எந்த உள்ளீட்டுக்கு என்ன வெளியீடு என்று காட்டும் உண்மை அட்டவணையின் நான்கு வரிசைகளில் மூன்று சரியாக வந்திருந்தன. ஏ 1, பி 0 என்று வைக்கும்போது மட்டும், எரியக் கூடாத கேரி எல்இடி எரிந்தது. வரிசையில் நிற்கிறவர்களைக் கவனிக்கிற அவசரத்தில், "ஐசி போயிருக்கும், வேற ஒண்ணு மாத்திக்கம்மா" என்றேன்.

"இருங்க மேடம்" என்றாள். "இது கன்னாபின்னான்னு வரல. பி சுவிட்சை என்ன பண்ணாலும் கேரி ஏ கூடவே போகுது. ஏ போட்டா எரியுது, எடுத்தா அணையுது. அப்ப பி அங்க எப்பவும் ஒண்ணாவே நிக்குதுன்னுதானே அர்த்தம்?"

மல்டிமீட்டரை எடுத்து வந்து வைத்தோம். 7486-இன் இரண்டாம் காலில் 0 வோல்ட் சரியாக இருந்தது. அங்கிருந்து 7408-இன் இரண்டாம் காலுக்கு ஒரு ஒயர் போகிறது. அந்தக் காலில் ஒன்றரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியில் பார்த்தால் புத்தம் புதுசு போல இருந்தது.

அடுத்து அவள் கேட்டது எனக்கு மறக்கவே மறக்காது. "ஒயர் அறுந்தா ஒண்ணும் வராதுதானே மேடம்? ஒண்ணும் வரலைன்னா ஜீரோதானே? இது ஏன் ஒண்ணுன்னு எடுத்துக்குது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஐசியின் உள்ளே போக வேண்டும். டிடிஎல் வகை ஐசியில், உள்ளீட்டுக் காலில் 0 இருக்கிறது என்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று பொருள் அல்ல. அந்தக் கால் வழியாக உள்ளிருந்து வெளியே வருகிற மின்னோட்டத்தை, பழைய 74 வரிசையில் 1.6 மில்லி ஆம்பியர் வரை, யாராவது கிரவுண்டுக்கு இழுத்துப் போக வேண்டும். இழுக்க ஆளில்லாமல் கால் அந்தரத்தில் தொங்கினால் ஐசி அதை 1 என்றே எடுத்துக்கொள்ளும். 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0, 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1 என்பது டேட்டா ஷீட் (ஐசி தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) தருகிற உத்தரவாதம். நாங்கள் மீட்டரில் பார்த்த ஒன்றரை வோல்ட் இரண்டிலும் சேராமல் நடுவே நின்றது. 0, 1 என்பவை நாம் எல்லை கட்டி வைத்துக்கொண்ட வோல்டேஜ்கள் என்பதை அன்றைக்கு அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். என் பாடக் குறிப்பில் இது நான்காவது யூனிட்டில், லாஜிக் ஃபேமிலி என்ற தலைப்பின் கீழ் ஒரு அட்டவணையாக இருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. "பி எப்பவும் ஒண்ணாவே நிக்குது" என்று அவள் சொன்னதற்குச் சிப் துறையில் ஒரு பெயர் இருக்கிறது: ஸ்டக் அட் ஒன் ஃபால்ட். ஆலையிலிருந்து வரும் சிப்பைச் சோதிக்கிறவர்கள், ஏதாவது ஒரு இணைப்பு 1-இலேயோ 0-இலேயோ ஒட்டிக்கொண்டு நின்றால் எந்த உள்ளீட்டைக் கொடுத்து அதைப் பிடிக்கலாம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்த ஹாஃப் ஆடரில் இருந்த பழுதைப் பிடிக்கக்கூடிய உள்ளீடு ஒன்றே ஒன்றுதான்: ஏ 1, பி 0. மற்ற மூன்றும் "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும். முதுகலையில் தனிப் பாடமாக நடத்துகிற விஷயத்தின் வாசலுக்கு, மூன்றாவது வாரத்திலேயே, யாரும் கைபிடித்துக் கூட்டிப் போகாமல் அவள் வந்து நின்றாள்.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆனது. அன்றைய சோதனையின் இரண்டாம் பகுதியான ஃபுல் ஆடரை அவளால் தொட முடியவில்லை. மதிப்பெண் பிரிவு என்னவென்று உங்களுக்குத் தெரியும்: நோக்கமும் சர்க்யூட் படமும், இணைப்பு, அவுட்புட், வைவா. அவுட்புட் பாதிதான் வந்திருக்கிறது. வைவாவில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குத் திணறினாள். கையில் இருந்த பிரிவின்படி கூட்டிப் பார்த்தால் வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவளுக்குத்தான். நான்தான் போட்டேன். பக்கத்து பெஞ்சில், ஓடாத பகுதிக்குப் புத்தகத்திலிருந்த அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அன்று வீட்டுக்குப் போன பிறகும் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இன்றும் அரிக்கிறது.

அவுட்புட் வந்தால்தான் மதிப்பெண் என்று நாம் வைத்திருப்பதால் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எல்இடி எரியவில்லை என்றால் மாணவர் முதலில் செய்வது எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகுவதுதான். அதில் ஓடிவிட்டால் நிம்மதி; முதலில் ஏன் ஓடவில்லை என்று யாருக்கும் தெரியாது. ஓடவில்லை என்றால் ஐசியை மாற்றுவார். அப்புறம் பெஞ்சை மாற்றுவார். கடைசியில் அட்டவணையைப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதிவிடுவார். அவர் நேர்மையில்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று பீரியடில் இரண்டு சோதனை முடித்தாக வேண்டும், தேடுவதற்குக் கூலி இல்லை என்று நாம் சொல்லிவிட்டோம். அவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

ஐசிகளை முன்கூட்டியே பொருத்தித் தரும் ட்ரெய்னர் கிட் வந்த பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. கேட்டின் (லாஜிக் செய்யும் அடிப்படைச் சர்க்யூட்டின்) படம் மேலே அச்சடித்திருக்கும். பேட்ச் கார்டைச் சொருகினால் வேலை முடிந்தது. முதல் வாரத்துக்கு அது நல்லது, பயம் தெளியும். ஆனால் பல கல்லூரிகளில் செமஸ்டர் முழுக்க அதுவே ஓடுகிறது. பவர், கிரவுண்டு எங்கே வருகிறது என்று தெரியாமலேயே ஒரு மாணவர் இந்தப் பாடத்தில் தேறிவிட முடிகிறது. 14-ஆம் காலில் 5 வோல்ட், 7-ஆம் காலில் கிரவுண்டு என்று ஒரே சூத்திரமாகப் பிடித்துக்கொண்டவர்கள், 7490 என்ற எண்ணும் ஐசி (கவுண்டர்) கைக்கு வரும்போது அதையும் அப்படியே இணைக்கிறார்கள். அதற்கு 5-இல் பவர், 10-இல் கிரவுண்டு. 7400-ஐ இணைத்த பழக்கத்தில் 7402-ஐ இணைக்கிறவர்கள் இன்னொரு வகை. நேண்ட் கேட்டான 7400-இல் 1, 2 உள்ளீடு, 3 வெளியீடு. நார் கேட்டான 7402-இல் 1 வெளியீடு, 2, 3 உள்ளீடு. வெளியீட்டுக் காலில் போய் 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு, ஐசி ஏன் விரல் வைக்க முடியாமல் சுடுகிறது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேட ஒரு கால் மணி நேரம் கிடைத்தால் டேட்டா ஷீட் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்பது வாழ்நாளுக்கும் மறக்காது.

இந்தப் பாடம் பிறந்ததே இப்படித்தான். கணித அறிஞர் ஜார்ஜ் பூல் தன் தர்க்க இயற்கணிதத்தை முழுமையாக எழுதி வெளியிட்டது 1854-இல். அது சர்க்யூட்டாக மாற 80 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. எம்ஐடியில் முதுகலை மாணவராக இருந்த கிளாட் ஷானன், அங்கே ஒரு பெரிய கணக்கிடும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அதன் கட்டுப்பாட்டுப் பகுதி முழுக்க ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகள். எந்த ரிலே எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான், கல்லூரியில் படித்த பூலியன் இயற்கணிதம் இதுதானே என்று பொறி தட்டியது. 1937-இல் ஆய்வேடாக எழுதினார், அடுத்த ஆண்டு கட்டுரையாக வந்தது. அதே 1937-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், தன் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு ரிலே, டார்ச் பல்புகள், புகையிலை டப்பாவிலிருந்து வெட்டிய தகடு இவற்றை வைத்து இரண்டு பிட்டைக் கூட்டும் சர்க்யூட்டைச் செய்தார். நம் மாணவர் மூன்றாவது வாரம் செய்கிற அதே கூட்டல்தான். இருவருக்கும் எதிரே பொருள் இருந்தது. பொருளைப் பார்த்துத்தான் கணக்குக்கு வந்தார்கள். நம் பாடத்திட்டத்தில் கணக்கு மட்டும் முதல் இரண்டு யூனிட்டை எடுத்துக்கொள்கிறது.

எண் முறை மாற்றம் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. டி மார்கன் தேற்றமும் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் இருக்கிறது. திரும்பவும் அதற்கு முழுசாக ஒரு யூனிட் தேவையா என்று பாருங்கள். அந்த நேரம் வேண்டியிருப்பது, முந்தைய நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சர்க்யூட்டுகளான சீக்வென்ஷியல் பகுதிக்கு. லாட்ச், ஃபிளிப் ஃப்ளாப், கவுண்டர், ஸ்டேட் மெஷின். இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது வருவதற்குள் இரண்டாம் இன்டர்னல் நெருங்கிவிடும். எல்லாவற்றையும் அட்டவணையாகவே ஓட்டிவிட்டுப் போகிறோம். எஸ்ஆர் லாட்சில் இரண்டு உள்ளீடும் 1 என்றால் "தடை செய்யப்பட்ட நிலை" என்று பலகையில் எழுதுவோம், அவர்களும் எழுதிக்கொள்வார்கள். யார் தடை செய்தார்கள், ஏன் தடை செய்தார்கள் என்று கேட்க நேரம் இருக்காது.

அந்தப் பெண்ணின் வீட்டில் கிணற்று மோட்டார் இருக்கிறது. நம் மாணவர்களில் பல பேர் வீட்டில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சிவப்பை அமுக்கினால் நிற்கும். கையை எடுத்தாலும் நின்றபடியே இருக்கும். பட்டன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது, ஆனால் பெட்டிக்கு நாம் கடைசியாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. உள்ளே இருப்பது மிக எளிமையான ஏற்பாடு: மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் ஒருமுறை மூடியதும், தன்னுடைய ஒரு துணை முனை வழியாகத் தனக்கே மின்சாரத்தைக் கொடுத்துக்கொள்கிறது. வெளியீட்டைக் கொண்டுவந்து உள்ளீட்டில் சேர்ப்பது. லாட்ச் என்பது அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாது, ஞாபகம் அழிந்துவிட்டது. கணினியில் ஸ்டாட்டிக் ரேம் என்ற வகை நினைவகம் அணைத்ததும் அழிவதற்கும் இதுதான் அடிப்படை. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால்? மோட்டார் நிற்கும். சிவப்புப் பட்டனின் முனை வரிசையில் போட்டிருக்கிறார்கள்; ஆபத்து என்று வரும்போது நிறுத்தம்தான் ஜெயிக்க வேண்டும் என்று யாரோ யோசித்து வைத்தது அது. "தடை செய்யப்பட்ட நிலை"யை அப்படியே விடாமல், எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று வடிவமைக்கிறவர் முடிவு செய்யலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பலகையிலும் எழுத முடியாது.

மாடிப்படி விளக்கும் அப்படித்தான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் விளக்கு நிலை மாறும். அது எக்ஸ்ஆர் கேட். வீட்டில் ஒயரிங் வேலை செய்கிற அப்பாவோ மாமாவோ இருக்கிற பிள்ளைகளுக்கு இது கைவந்த விஷயம். எக்ஸ்ஆர் என்ற பெயரில் ஒரு வளைந்த படமாக அதை நாம் காட்டும்போது, தெரிந்ததுதான் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

லாட்ச் எதற்கு என்பது புரிகிற இன்னொரு இடம் கவுண்டர் சோதனை. இதுவும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கும். 7490-ஐ இணைத்து, எண்ண வைக்கும் உள்ளீடான க்ளாக்குக்கு ஒரு சாதாரண புஷ் பட்டனை வைப்பார்கள். ஒருமுறை அமுக்கினால் 2-லிருந்து 3-க்குப் போக வேண்டியது 5-க்குப் போகும், இன்னொரு முறை 7-க்குப் போகும். பட்டனுக்குள் இருக்கும் உலோக முனைகள் ஒட்டுவதற்கு முன் சில மில்லி செகண்டுகள் துள்ளுகின்றன. நம் கண்ணுக்கு அது ஒரே அமுக்கல். ஐசிக்கு ஒரு மில்லி செகண்டு என்பது பெரிய காலம். ஒரு டிடிஎல் கேட் தன் வேலையை முடிக்கச் சுமார் 10 நானோ செகண்டு போதும், ஒரு மில்லி செகண்டுக்குள் அதைப்போல ஒரு லட்சம் தடவை அடங்கும். ஒவ்வொரு துள்ளலையும் அது நேர்மையாக எண்ணிக் காட்டுகிறது. மாணவர் ஐசி பழுது என்று மூன்று தடவை மாற்றிவிட்டு வந்து நிற்பார். இரண்டு நேண்ட் கேட்டைக் குறுக்கே பின்னி, இருவழிப் பட்டனை அதில் சேர்த்தால், முதல் தொடுகையிலேயே லாட்ச் மாறிவிடும். பிறகு முனை எத்தனை துள்ளினாலும் அது கண்டுகொள்ளாது. ஒருமுறை அமுக்கினால் ஒன்றுதான் கூடும். அதைப் பார்க்கிற முகங்களை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

அதே 7490-இல் ரீசெட் கால்களையும் 9-க்குத் தள்ளும் கால்களையும் கிரவுண்டில் சேர்க்க மறந்தால், என்ன அமுக்கினாலும் 9-இலேயே நிற்கும். தொங்கும் கால் 1 என்பது நினைவிருக்கிறதா? ஹாஃப் ஆடரில் அதைத் தேடிக் கண்டுபிடித்த மாணவருக்கு இங்கே ஒரு நிமிடம் போதும். அங்கே அட்டவணையைப் பார்த்து எழுதியவர் இங்கேயும் ஐசியைத்தான் மாற்றுவார்.

குறைந்த கேட்டுகளில் சர்க்யூட்டைச் சுருக்க உதவும் கட்டப்படமான கே மேப் (கார்னோ மேப்) பற்றி உங்களில் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம். கார்னோ அதைக் கொடுத்தது 1953-இல். கேட் ஒவ்வொன்றும் காசாக இருந்த காலத்தில் ஒரு கேட் குறைந்தாலும் லாபம். இன்று அந்தச் சுருக்கும் வேலையை மென்பொருள் செய்துவிடுகிறது. அதனால் கே மேப்பை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை; அதை வைத்து இன்னொன்றையும் நடத்துங்கள் என்கிறேன். ஏ, பி இரண்டையும் பெருக்கி, ஏ-யின் எதிர்மறையும் சி-யும் பெருக்கியதோடு கூட்டுகிற சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பி, சி இரண்டும் 1 என்றால் ஏ எதுவாக இருந்தாலும் விடை 1. அட்டவணை அப்படித்தான் சொல்லும். ஆனால் ஏ 1-லிருந்து 0-க்கு இறங்கும்போது முதல் பெருக்கல் உடனே விழுந்துவிடும், 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் இன்வெர்ட்டர் கேட்டைத் தாண்டி வர வேண்டிய இரண்டாவது பெருக்கல் கொஞ்சம் தாமதித்துத்தான் எழும். அந்த இடைவெளியில் விடை ஒரு கணம் 0-க்குப் போய் வரும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு இன்வெர்ட்டருக்குப் பதில் 7404 ஐசியில் இருக்கும் இன்வெர்ட்டர்களில் ஐந்தைத் தொடராகப் போட்டு அந்த இடைவெளியை அகலப்படுத்தி, வெளியீட்டை 7490-இன் க்ளாக்கில் கொடுங்கள். எண் கூடும். வராது என்று உண்மை அட்டவணை அடித்துச் சொன்ன ஒன்றைக் கவுண்டர் எண்ணிக் காட்டும். கே மேப்பில் தேவையில்லை என்று நாம் விட்டுவிட்ட பி, சி பெருக்கலைச் சேர்த்தால் அது நின்றுவிடும். சுருக்குவது மட்டுமே நல்ல வடிவமைப்பு என்று இரண்டு யூனிட்டாகச் சொல்லிக் கொடுத்த பிறகு, சுருக்கக் கூடாத இடமும் உண்டு என்று மாணவர் பார்க்க வேண்டாமா? (இதற்கு துள்ளல் இல்லாத பட்டன் வேண்டும். அதனால் லாட்ச் முடிந்த பிறகு இதை வைப்பதுதான் நல்லது.)

சர்க்யூட்டைக் கணினியில் எழுத்தாக விவரிக்கும் வெரிலாக் மொழி வந்துவிட்டதே, இனி ஒயர் சொருகிச் சர்க்யூட் கட்டும் பிரெட்போர்டு எதற்கு என்றும் கேட்கிறார்கள். வெரிலாக் கட்டாயம் வேண்டும். இகாரஸ் வெரிலாக் போன்ற இலவச மென்பொருள் எந்தப் பழைய கணினியிலும் ஓடும், வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஆனால் சி மொழி படித்துவிட்டு வருகிற மாணவர் வெரிலாக்கையும் வரி வரியாக ஓடும் நிரலாகவே படிக்கிறார். இஃப் எழுதிவிட்டு எல்ஸ் எழுதாமல் விட்டால், சி-யில் ஒன்றும் ஆகாது. வெரிலாக்கில் கேட்காத ஒரு லாட்ச் வந்து உட்கார்ந்துவிடும். ஏனென்றால், மற்ற நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, எனவே பழையதையே வைத்துக்கொள் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டியைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இந்த எச்சரிக்கை ஒரு வாக்கியத்தில் விளங்கும். சிமுலேட்டரில் ஒயர் அறுவதில்லை, பட்டன் துள்ளுவதில்லை. இரண்டும் வேண்டும், முதலில் கைக்குப் பொருள் வர வேண்டும்.

வேலைக்குப் போன என் மாணவர்கள் சிலர் சிப் நிறுவனங்களில் இருக்கிறார்கள். வடிவமைப்பைவிடச் சரிபார்ப்புக்குத்தான் தங்கள் குழுவில் அதிக ஆட்கள், அதிக நேரம் என்று வரும்போதெல்லாம் சொல்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்டெல் பென்டியம் சிப்பில், வகுத்தலுக்கான ஒரு உள் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டுப் போனது 1994-இல் தெரியவந்தது. அந்த நிறுவனம் அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். பெரும்பாலான வகுத்தல் கணக்குகளுக்கு அந்தச் சிப் சரியான விடைதான் சொன்னது. நான்கில் மூன்று வரிசை சரியாக வந்த ஹாஃப் ஆடருக்கும் அதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. நம் ஊரில் ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசஸர் 2018-இல் சிலிக்கானாக வந்தது, அதில் ஒன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் நம் நாட்டு ஆலையிலேயே 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. அப்படிப்பட்ட வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். ஆனால் ஆய்வகத்தில் பழுதைத் தேடியவளுக்குக் குறைந்த மதிப்பெண் போடுகிறோம்.

இனி, என்ன செய்யலாம் என்று கேட்டால்: ஆய்வக மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பழுது தேடலுக்கு மாற்றுங்கள். மாணவர் நோட்டில் எழுத வேண்டியது இது: எந்த உள்ளீட்டில் தவறு வந்தது, அதிலிருந்து எதைச் சந்தேகித்தேன், எந்தக் காலில் அளந்தேன், என்ன இருந்தது, என்ன செய்தேன். சர்க்யூட் கடைசிவரை ஓடாவிட்டாலும் இந்த எழுத்துக்கு மதிப்பெண் உண்டு. செமஸ்டரில் இரண்டு வகுப்பாவது, ஆசிரியரே பழுது வைத்துக் கட்டிய சர்க்யூட்டைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அறுந்த ஒயர், வளைந்து உள்ளே மடிந்த கால், 7400 என்று நினைத்துச் சொருகிய 7402. செமஸ்டர் தேர்விலும் ஒரு கேள்வி வைக்கலாம்: இந்தச் சர்க்யூட்டில் இந்த விடை வருகிறது, பழுது எங்கே இருக்கலாம்? அதற்கு மனப்பாடம் உதவாது. நேரத்துக்கு முதல் யூனிட்டைச் சுருக்குங்கள், ஆய்வகச் சோதனைகளில் இரண்டைக் குறையுங்கள். எட்டுச் சோதனையைப் புரிந்து செய்தால் போதும்.

வைவாவில் தமிழில் பதில் சொன்னால் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கேட், க்ளாக், ரீசெட் என்று சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கட்டும், அதில் யாருக்கும் சிரமமில்லை. "ஏன் அப்படி ஆச்சு?" என்பதற்கான பதில் மட்டும் அவர்களுக்கு வருகிற மொழியில் வரட்டும்.

ஒரு வகுப்பில் 30 பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் தேடலையும் எப்படிப் பார்ப்பது என்று என் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடந்த இரண்டு ஆண்டுகளாக, பாடத்திட்டத்துக்கு வெளியே, செமஸ்டர் முடிவில் மிஞ்சும் இரண்டு மதிய வேளைகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். இருவருக்கு ஒரு போர்டு, ஆக 15 போர்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பழுது. ஆய்வக உதவியாளரும் நானும் முந்தைய நாள் மாலை கட்டி வைப்போம். ஒயரும் ஐசியும் சில பத்து ரூபாய் விலை, கல்லூரியிடம் தனியாகப் பணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. நோட்டைப் படித்தால் யார் தேடியது, யார் குருட்டாம்போக்கில் மாற்றியது என்று நாலு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. திருத்த எடுக்கும் நேரம் வழக்கமான ரெக்கார்டு நோட்டுக்கு ஆவதைவிடக் குறைவுதான்.

அந்த 15 பழுதுகளின் விவரம், ஒவ்வொன்றுக்கும் எந்த உள்ளீட்டில் தவறு தெரியும் என்ற அட்டவணை, மதிப்பெண் பிரிவு எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். குழு கூடும் நாளைச் சொன்னால் இரண்டு மூன்று போர்டுகளையும் ஒரு மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். கூட்டம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்களே தேடிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிஜிட்டல் ஆய்வக ஆசிரியை